இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடையில்

கேள்வி இதுதான்: “சனிக்கிழமை இரவு வீட்டில் ‘பேர்ள் ஹார்பர்’ படம் பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது. காதல், நட்பு, சண்டை எல்லாம் இருக்கிறது, கடைசியில் அழுதும்விட்டேன். நான் படங்களை நோண்டிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் விமர்சனம் எதைப் படித்தாலும் திட்டுத்தான். சரித்திரம் பிழை என்கிறார்கள். அப்படி என்ன பிழை? கொழும்பில் இருந்து பார்க்கிற எங்களுக்கு அது முக்கியமா?”

அழுததற்கு வெட்கப்படவேண்டாம். அழவைப்பதற்கென்றே கட்டிய படம் அது, கட்டியவர்களும் தொழில் தெரிந்தவர்கள். மைக்கல் பே இயக்கி, சுமார் 140 மில்லியன் டொலர் கொட்டி, 2001 மே மாதம் ஹவாயில் ஒரு நிஜ விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வைத்து முதற்காட்சி போட்ட படம். விமர்சகர்கள் கிழித்தார்கள், சனம் போய்ப் பார்த்தது. போட்டதைப்போல மூன்று மடங்கு வசூல். உங்களைப்போல ரசித்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

நான் பார்த்ததும் அதே வருஷம்தான். வெள்ளவத்தையில் ஒரு சீடிக்கடையில் வாடகைக்கு எடுத்தோம். மூன்று மணித்தியாலப் படம், மூன்று தட்டு. முதல் தட்டு முழுக்கக் காதல், இரண்டாவதில் குண்டு, மூன்றாவதில் டோக்கியோ. இன்றைக்கும் அந்தப் படம் எனக்குத் தட்டுக் கணக்கில்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த ஜூலை 24இல்தான் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டிருந்தது. அது நடந்து சில கிழமைகளுக்குள், வரிசையாக நிறுத்திவைத்த விமானங்கள் எரிவதை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்பா எழும்பிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். “றோட்டில சென்றி நிக்குது. குண்டுச் சத்தம் கேட்டால் அவன் என்னெண்டு நினைப்பான்?” பிறகு அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரேயொரு ஒஸ்கார் ஒலித்தொகுப்புக்கு. நாங்கள் அதை ஊமைப்படமாகப் பார்த்த குடும்பம்.

பிழைகளுக்கு வருவோம். நிறைய இருக்கின்றன, முக்கால்வாசி எனக்குப் பொருட்டே இல்லை. ஜப்பானின் ஸீரோ போர்விமானங்கள் படத்தில் கரும்பச்சை, 1941 டிசம்பரில் பேர்ள் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தைத் தாக்க வந்தபோது அவை வெளிர் சாம்பல் நிறம். யாருக்கு நட்டம்? ‘உறங்கும் பூதத்தைத் தட்டி எழுப்பிவிட்டோம்’ என்ற பொருளில் அட்மிரல் யமமோட்டோ பேசுகிற வசனம் அவர் எழுதியதாகவோ சொன்னதாகவோ ஒரு பத்திரத்திலும் கிடையாது. அது 1970இல் வந்த வேறொரு படத்திலிருந்து சரித்திரத்துக்குள் நுழைந்துகொண்ட வசனம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சக்கர நாற்காலியை விட்டுத் தானாக எழுந்து நிற்கிற காட்சி கொஞ்சம் கூச்சமாக இருக்கும். 1921இல் வந்த நோய்க்குப் பிறகு அவரால் பிடிமானம் இல்லாமல் எழும்ப முடியாது, கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். முடியாத மனிதர் முடியாமலேயே இருந்து ஒரு பெரும்போரை நடத்தினார் என்பதில் இல்லாத வீரம் எழுந்து நிற்பதில் எங்கே வந்தது?

உண்மையில் உறுத்துகிற பிழை வேறு. கதையைச் சுருக்கமாக எடுத்துப் பாருங்கள். ரேஃப், டானி என்று இரண்டு சிநேகிதர்கள், இருவரும் போர்விமான ஓட்டிகள். ரேஃபுக்கும் எவலின் என்ற தாதிக்கும் காதல். ரேஃப் இங்கிலாந்துக்குப் போய்ச் சண்டையில் விழுந்துவிடுகிறான், செத்துவிட்டான் என்று செய்தி வருகிறது. அழுகிறவளுக்குத் தோள் கொடுத்த டானி அவளோடு சேர்கிறான். பேர்ள் ஹார்பர் தாக்குதலுக்கு முதல் நாள் ரேஃப் உயிரோடு வந்து நிற்கிறான். அவள் வயிற்றில் டானியின் பிள்ளை. இப்போது கதாசிரியருக்கு ஒரு சிக்கல்: ஒரு பெண், இரண்டு நல்ல பெடியன்கள், இருவரையுமே பார்ப்பவர்களுக்குப் பிடித்துவிட்டது. யாராவது ஒருத்தனை அகற்றவேண்டும். ஜப்பான்காரன் பேர்ள் ஹார்பரில் இருவரையும் தவறவிட்டுவிட்டான். அதனால் படம் மூன்றாவது தட்டைப் போட்டு, டூலிட்டில் என்ற அமெரிக்க அதிகாரி நடத்திய டோக்கியோ தாக்குதலுக்கு இருவரையும் அனுப்பி, டானியைச் சீனாவில் சாகடித்து, பிள்ளையை ரேஃபிடம் கொடுத்துக் கணக்கை முடிக்கிறது.

டூலிட்டில் தாக்குதல் நிஜமாக நடந்தது. 1942 ஏப்ரல் 18, ஹோர்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள், 80 பேர். அவர்கள் எல்லாம் குண்டுவீச்சு விமானத்தில் பயிற்சி எடுத்தவர்கள். போர்விமான ஓட்டிகளைப் பிடித்து அதில் ஏற்றுவது, முச்சக்கரவண்டிக்காரரிடம் கொள்கலன் லொறியைக் கொடுத்துப் பேலியகொடைப் பாலத்தில் விடுவதைப்போல. கதைக்குத் தேவை, ஏற்றிவிட்டார்கள். விமானங்கள் சீனாவில் விழுந்த பிறகு, விமானிகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர்களில் ஜப்பானியப் படை செய்த பழிவாங்கலில் செத்த சீனக் குடிமக்களின் தொகை இரண்டரை இலட்சம் வரை என்று சொல்லப்படுகிறது. படத்தில் சீனா என்பது டானி விழுந்து சாவதற்கு ஒரு வயல்.

என் குறை இதுதான். காதல் இருப்பது குறையில்லை. காதலர்களின் சிக்கலை அவிழ்த்துக் கொடுக்கிற வேலைக்காரனாகப் போரை வைத்திருக்கிறார்கள். யார் எப்போது சாகவேண்டும் என்று காதல் கதை சீட்டு எழுதிக் கொடுக்கிறது, போர் அதை நிறைவேற்றுகிறது.

‘டைட்டானிக்’கும் அப்படித்தானே என்று கேட்பீர்கள். அங்கே காதலே முதலாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையில். யாருக்குப் படகு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதிலும் அதே வகுப்புக் கணக்கு இருந்தது. அந்தக் காதலை வேறு கப்பலுக்கு மாற்ற முடியாது. ரேஃப், டானி, எவலின் கதையை எந்த ஊருக்கும் எந்தப் போருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். எங்கள் கல்கியை எடுங்கள். வந்தியத்தேவனை இலங்கைக் காடுகளில் அலையவிட்டு, பூங்குழலியைப் படகோட்டவிட்டு, வேண்டிய அளவு காதலை அள்ளி வைத்தார். ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று சரித்திரம் தெளிவாகச் சொல்லாத இடத்தில் அவரும் மூடுபனியை விட்டுவைத்தார். சரித்திரம் வாயை மூடிக்கொண்ட இடத்தில் கற்பனை பேசலாம். அது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்தால்தான் எரிச்சல்.

அன்று பேர்ள் ஹார்பரில் சரித்திரம் நிறையவே பேசியது. 1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சற்று முன். ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரண்டு அலையாக 353 விமானங்கள். செத்த அமெரிக்கர் 2,403 பேர், அதில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலில். ஏழு மணி கழிந்த சிறிது நேரத்திலேயே மலைமேல் இருந்த ரேடாரில் பெரிய கூட்டமாக ஏதோ வருவதை இரண்டு சிப்பாய்கள் கண்டு அறிவித்தார்கள். எங்கள் விமானங்கள் சில வரவேண்டியிருக்கிறது, அதைப்பற்றி யோசிக்கவேண்டாம் என்று பதில் வந்தது. ஜோர்ஜ் வெல்ச், கென்னத் டெய்லர் என்ற இரண்டு இளம் விமானிகள் இரவு முழுக்க விருந்தும் சீட்டாட்டமும் முடித்த கோலத்தில், காரை விரட்டிக்கொண்டு சின்ன விமானத்தளம் ஒன்றுக்குப் போய், கிடைத்ததில் ஏறிப் பறந்து ஜப்பானிய விமானங்களை வீழ்த்தினார்கள். படத்தில் ரேஃபும் டானியும் செய்வது இவர்கள் செய்ததைத்தான். சொந்தப் பெயரோடு படம் எடுத்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்!

டொரிஸ் மில்லரும் அப்படித்தான். கறுப்பர்களைக் கடற்படை சமையலறையிலும் சாப்பாட்டறையிலும் மட்டும் வைத்திருந்த காலம். வெஸ்ட் வேர்ஜீனியா கப்பலின் கப்டன் குற்றுயிராகக் கிடந்தபோது அவரை நகர்த்த உதவிவிட்டு, பயிற்சியே கொடுக்கப்படாத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். அடுத்த மே மாதம் அட்மிரல் நிமிட்ஸ் கையால் நேவி குறொஸ் பதக்கம். 1943 நவம்பரில் வேறொரு கப்பல் மூழ்கியபோது அவரும் போய்விட்டார். படத்தில் அவர் வந்து போவது சில நிமிஷம். அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலத்தை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

இவ்வளவும் சொன்னாலும் இரண்டாவது தட்டை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். விமானங்கள் தாழப் பறந்து வருகின்றன, கீழே பெடியன்கள் பந்து விளையாடுகிறார்கள், ஒரு பெண் உடுப்புக் காயப்போடுகிறாள், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. காயக்காரர்கள் வந்து குவிகிறார்கள். யாரை உள்ளே எடுப்பது, யாரை வெளியில் விடுவது என்று பிரிக்கவேண்டும். எழுத ஒன்றும் இல்லை. எவலின் தன் உதட்டுச்சாயத்தை எடுத்து நெற்றியில் அடையாளம் போடுகிறாள். அதுவரை ஒன்றரை மணித்தியாலமாக அந்த உதட்டுச்சாயம் காதலுக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஒரு காட்சியில் போர் வந்து காதல் கதையின் கையிலிருந்ததைப் பறித்துத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. படம் முழுக்க இப்படி இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அழுதுவிட்டுப் படுத்திருப்பேன்.

இனிக் கொழும்பு. உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் தட்டு 1941 டிசம்பரில் முடிகிறது, மூன்றாம் தட்டின் உச்சம் 1942 ஏப்ரல் 18. இடையில் அந்த ஜப்பானியக் கப்பற்படை என்ன செய்துகொண்டிருந்தது என்று படம் சொல்லாது. பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் டார்வினை அடித்தது. ஏப்ரலில் எங்களிடம் வந்தது.

வந்தது அதே ஆட்கள். அதே தளபதி நகுமோ. பேர்ள் ஹார்பரில் முதல் அலையை நடத்திய அதே புச்சிதாதான் கொழும்புக்கு வந்த சுமார் 125 விமானங்களையும் நடத்தினார். ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து வந்தன, காகா மட்டும் பழுதுபார்க்கப் போயிருந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. இந்தச் சொல்லை எழுதும்போதே 2019 வந்து முன்னால் நிற்கிறது, தெரியும். அதற்கு முன்பும் இந்த ஊர் ஒரு உயிர்த்த ஞாயிறு காலையில் பூசையை விட்டு ஓடியிருக்கிறது.

முதல் நாள் பின்னேரமே எச்சரிக்கை கிடைத்துவிட்டது. கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் ரோந்து போன கனடாக்காரர் லெனர்ட் பேர்ச்சோல், தெற்குக் கடலில் அந்தக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானில் கைதிகளாக இருந்தார்கள். அந்தச் செய்தியால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றை வெளியில் அனுப்ப முடிந்தது. கொழும்பு இன்னொரு பேர்ள் ஹார்பர் ஆகாமல் தப்பியதற்கு அதுதான் முதற்காரணம்.

ஆனால் எச்சரிக்கை கிடைத்த ஊரும் கோட்டைவிடும். கொழும்பிலும் ரேடார் இருந்தது, விமானங்கள் வருகிற செய்தி ரத்மலானை விமானத்தளத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தலைக்கு மேலே ஜப்பானிய விமானங்களைக் கண்ட பிறகுதான் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் தரையை விட்டுக் கிளம்பின. அதே நேரம் பார்த்துத் திருகோணமலைப் பக்கமிருந்து ஆறு சோட்ஃபிஷ் விமானங்கள் ரத்மலானையை நோக்கி வந்துகொண்டிருந்தன. துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானங்கள், அடியில் டோர்பிடோ. ஸீரோக்களின் நடுவில் வந்து மாட்டின. ஆறும் போயின.

இன்னொரு ஹரிக்கேன் அணி கிளம்பியது எங்கேயிருந்து தெரியுமா? நீங்கள் வார இறுதியில் கோப்பி குடிக்கப் போகிற ரேஸ்கோர்ஸிலிருந்து. குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். 258ஆம் அணி அங்கே நின்றது. அடுத்தமுறை போனால் பழைய பார்வையாளர் மண்டபத்துக்கு முன்னால் நின்று புல்வெளியின் நீளத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். இந்தத் தூரத்துக்குள் ஓடி, மரங்களுக்கு மேலால் எழும்பி, ஏற்கெனவே மேலே நிற்கிறவனோடு சண்டைக்குப் போகவேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள். ரேஃபுக்கும் டானிக்கும் கொடுத்த இசையில் ஒரு துளி அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

துறைமுகத்தில் டெனடோஸ் என்ற நாசகாரியும் ஹெக்டர் என்ற கப்பலும் மூழ்கின. அங்கொடை மனநல ஆஸ்பத்திரியிலும் குண்டு விழுந்தது. அன்று பகலே தெற்குக் கடலில் டோசெற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் தாழ்ந்து, நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அங்கிருந்து தப்பிப்போன ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது, இன்றைக்கும் சுழியோடிகள் இறங்கிப் பார்க்கிற கப்பல் அதுதான். இதெல்லாம் முடித்துவிட்டுக் கப்பற்படை வீடு திரும்புகிற வழியில், தாய்வானுக்குக் கிட்ட வரும்போது, டோக்கியோவில் குண்டு விழுந்துவிட்டது என்று செய்தி வருகிறது. அதுதான் உங்கள் மூன்றாம் தட்டு. கொழும்பை அடித்துவிட்டு வந்தவர்களை டூலிட்டிலைப் பிடிக்கச் சொல்லி விரட்டினார்கள், பிடிபடவில்லை. ஜூன் மாதம் அமெரிக்கரோடு நடந்த மிட்வே கடற்சண்டையில், கொழும்புக்கு வந்த ஐந்தில் மூன்று கப்பல்கள் கடலுக்கடியில் போயின. புச்சிதா பிழைத்தார். போருக்குப் பிறகு கிறிஸ்தவராகி, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். உயிர்த்த ஞாயிறன்று கொழும்புக்குக் குண்டோடு வந்த மனிதர்! கதை எழுதுகிறவன் இதை எழுதினால் ‘கொஞ்சம் அதிகம்’ என்று வெட்டிவிடுவார்கள்.

காதலும் போரும் என்று கேட்டதால் வீட்டுக்கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மம்மாவுக்கு அப்போது பத்து வயது, கொட்டாஞ்சேனை. அவவின் மூத்த அக்கா, எங்களுக்குப் பெரிய அம்மம்மா, கலியாணத்துக்கு நின்றா. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிளாக்கர். தவக்காலத்தில் கலியாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமைக்கு நாள் வைத்திருந்தார்கள். கோயிலில் ஓலை மூன்றும் வாசித்தாயிற்று. அன்று காலை புனித லூசியாள் பேராலயத்தில் பூசை. விமானச் சத்தம் கேட்டபோது எங்கட பிளேன் என்றுதான் நினைத்தார்களாம். பிறகு துறைமுகப் பக்கம் வெடி. “சாமியார் திரும்பிக்கூடப் பார்க்கேல்லை,” என்பா அம்மம்மா. அந்தக் காலத்துப் பூசையில் சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டுதானே நிற்பார். புதுச் சப்பாத்து கடிக்குதென்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினது அவவுக்குக் கடைசிவரை நல்ல ஞாபகம்.

கொழும்பில் பாதிச் சனம் கிளம்பியது. கோட்டை ஸ்ரேஷனில் இரண்டாம் நாள்தான் இவர்களுக்கு இடம் கிடைத்ததாம். யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இளவாலை. கூறைச்சேலை கொட்டாஞ்சேனை வீட்டிலேயே ஒரு ட்ரங்குப் பெட்டியில் கிடக்கிறது. மாப்பிள்ளையைத் துறைமுகத்தில் விடுகிறார்களில்லை, அது அத்தியாவசியச் சேவை. ஏப்ரல் போய், மே போய், கடிதம் மட்டும் வருகிறது, போகிறது. ஆகஸ்டில் மூன்று நாள் லீவு கிடைத்தது. ‘கூறை இருக்கிற பெட்டியைக் கொண்டுவாங்கோ’ என்று எழுதியிருந்தார்கள். மனிசன் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து, கனமான பெட்டியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, இரவு ரயிலில் அதன்மேலேயே குந்தியிருந்து வந்து சேர்ந்தார்.

திறந்தால் கிறிஸ்மஸ் குடில் சிலைகள். வைக்கோல் சுற்றிய சூசையப்பர், மூன்று அரசர்கள், ஒரு கழுதை.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சேலையோடு கலியாணம் நடந்தது. படம் இருக்கிறது, கறுப்பு வெள்ளை, சேலையில் ஒன்றும் தெரியாது. பெரிய அம்மம்மாவின் முகத்தில் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினார்கள். சண்டை வந்தால் அவ வேறொன்றும் சொல்லத் தேவையில்லை, “கழுதை” என்றால் போதும், மனிசன் பேசாமல் எழும்பிப் போவார். கழுதை இப்போது எங்கள் வீட்டில், ஒரு காது உடைந்துபோய். ஒவ்வொரு டிசம்பரும் குடிலில் வைக்கிறோம்.